கல்லூரி மூடினால் முதல் வாரத்தில் மாணவர் மனநலத்துக்கு என்ன செய்வது? (2020–22 அனுபவத்தை வைத்து)

#1 · பக்கம்47

வணக்கம். கல்லூரியின் பேரிடர்க் கையேட்டில் பெருந்தொற்றுக்கு ஒரு அத்தியாயம் எழுதும் பொறுப்பு வந்திருக்கிறது. பழைய கையேட்டில் சானிடைசர் பற்றி மூன்று பக்கம். மனநலம் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: "கவுன்சிலரைத் தொடர்பு கொள்ளவும்." இப்போதைய வரைவு இப்படி:

– மூடிய மூன்றாம் நாள் எல்லா மாணவருக்கும் கூகுள் ஃபார்மில் பி.எச்.க்யூ-9 (மனச்சோர்வுக் கேள்வித்தாள்), ஜி.ஏ.டி-7 (பதற்றக் கேள்வித்தாள்)
– 10 மதிப்பெண் தாண்டியவர் பட்டியல் கவுன்சிலருக்கு
– மென்டர் வாரம் ஒருமுறை போன்
– வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஊக்கச் செய்தி
– வாரம் ஒரு யோகா வெபினார்

மாணவர் 1,200. கவுன்சிலர் 2. மென்டர் 60, ஆளுக்கு 20 மாணவர். ஏறக்குறைய பாதிப் பேர் கிராமங்களிலிருந்து வருபவர்கள். எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள். பாராட்டு வேண்டாம்.

#2 · அளவுகோல்

முதல் வரியிலேயே ஓட்டை. கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

பி.எச்.க்யூ-9ல் 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10ம் அதற்கு மேலும் என்று வெட்டுவது 2001ல் வந்த மூல ஆய்விலிருந்து தொடரும் வழக்கம். அந்த ஆய்வின்படி மனச்சோர்வு நோய் உள்ளவரில் 88 சதவீதம் பேர் இந்த வலையில் விழுவார்கள். நோய் இல்லாதவரில் 88 சதவீதம் பேர் விழமாட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் 1,200 பேரில் பத்தில் ஒருவருக்கு நோய் என்று, கணக்குக்காக மட்டும், வைத்துக்கொள்ளுங்கள். அந்த 120 பேரில் 106 பேர் வலையில். மீதி 1,080 பேரில் 12 சதவீதம், அதாவது 130 பேர், நோய் இல்லாமலேயே வலையில். மொத்தம் 236. பட்டியலில் பாதிக்கு மேல் பொய் அலாரம்.

ஆளுக்கு அரை மணி பேசினாலும் 118 மணி நேரம் ஆகும். ஒரு கவுன்சிலர் ஒரு நாளில் உருப்படியாக 5 மணி நேரம்தான் போனில் பேச முடியும். அதற்கு மேல் காது கேட்கும், மனசு கேட்காது. இரண்டு பேருக்கு 12 வேலை நாள். இந்தக் கேள்வித்தாள் கேட்பதோ "கடந்த இரண்டு வாரத்தில்" என்று. பட்டியலின் கடைசி ஆளுக்குப் போன் போகும்போது அவர் எழுதிய பதிலே காலாவதி ஆகியிருக்கும்.

இன்னொன்று பெருந்தொற்றுக்கே உரிய சிக்கல். கேள்வி 3 தூக்கம், 4 களைப்பு, 5 பசி, 7 கவனம். கொரோனா வந்து எழுந்த பையன் இந்த நான்குக்கும் "பாதி நாளுக்கு மேல்" என்று குறித்தாலே 8 வந்துவிடும். கேள்வி 8ல் உடல் மந்தத்துக்கு இன்னொரு 2 போட்டால் 10. அவனுக்கு வந்தது வைரஸ், மனச்சோர்வு அல்ல. அதனால் மொத்தத்தை மட்டும் பார்க்காமல் முதல் இரண்டு கேள்வியைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள்: எதிலும் நாட்டமின்மை, மனம் துவண்டிருத்தல். இதைத்தான் பி.எச்.க்யூ-2 என்கிறார்கள், 6க்கு 3 வந்தால் கவனிக்க வேண்டும்.

தமிழ் வடிவம் இலவசமாகவே கிடைக்கிறது. நீங்களாக மொழிபெயர்க்காதீர்கள். ஒரு சொல் மாறினால் வெட்டுப்புள்ளிக்கு அர்த்தம் போய்விடும்.

#3 · சமூகப்பணி_திருச்சி

அளவுகோல் விட்டது 9ஆம் கேள்வி. சாவு பற்றிய, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது அது. ராத்திரி 11 மணிக்கு ஒரு மாணவி அதற்கு 3 என்று குறிக்கிறாள். ஷீட்டைத் திங்கள் காலை 10 மணிக்குத் திறக்கிறீர்கள். அவள் சொல்லிவிட்டாள், நீங்கள் கேட்டும் விட்டீர்கள், ஆனால் யாரும் வரவில்லை. கேட்காமலே இருந்திருந்தால்கூட இவ்வளவு மோசமில்லை.

அதனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெயர் கேட்காத ஃபார்ம் என்றால் 9ஆம் கேள்வியை எடுத்துவிடுங்கள். 8 கேள்வி, 24 மதிப்பெண், பி.எச்.க்யூ-8 என்றே அதற்குப் பெயர் உண்டு, வெட்டுப்புள்ளி அதே 10. கல்லூரி முழுக்க நிலைமை எப்படி என்று தெரிந்துகொள்ள அது போதும். பெயர் கேட்கும் ஃபார்ம் என்றால், அது திறந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பதில் பார்க்க ஒரு ஆள், அன்றே கூப்பிட ஒரு ஆள். பெயர் கேட்காமல் 9ஆம் கேள்வியை மட்டும் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. யாரோ ஒருவர் ஆபத்தில் இருப்பது தெரியும், யார் என்று தெரியாது.

கூகுள் ஃபார்மில் சில நுணுக்கம்:

9 கேள்வியையும் ஒரே கட்டமாக, கிரிட்டாகப் போட்டால் பார்க்க அழகு. ஆனால் கிரிட்டின் பதிலை வைத்து வேறு பக்கத்துக்கு அனுப்ப முடியாது. ஒற்றைத் தெரிவுக் கேள்விக்கும் கீழிறங்கும் பட்டியலுக்கும்தான் அந்த வசதி. எனவே 9ஆம் கேள்வியைத் தனியே எடுத்து, 0 தவிர எதைத் தொட்டாலும் உதவி எண் உள்ள பக்கம் வருமாறு செய்யுங்கள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் மாணவர் ஜன்னலை மூடிவிட்டால் பதில் உங்களுக்கு வராது, "சமர்ப்பி" அழுத்தினால்தான் பதிவாகும். அந்தப் பக்கத்தின் முதல் வரியிலேயே "சமர்ப்பித்தால் இன்று மாலைக்குள் இன்னார் கூப்பிடுவார்" என்று எழுதுங்கள். "இன்னார்" இடத்தில் ஒரு பெயர் வேண்டும். "எங்கள் குழு" என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

பதில் ஷீட்டின் பகிர்வு அனுமதி இரண்டு கவுன்சிலருக்கு மட்டும். துறைத்தலைவர் கேட்டால் எண்ணிக்கை கொடுங்கள், பெயர் கொடுக்காதீர்கள்.

#4 · மட்டுறுத்துநர்

இழையைப் படிக்கும் யாருக்காவது இப்போதே பேச வேண்டும் என்றால்: இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், தமிழிலும். சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பு சிநேகா 044-24640050. இலங்கையில் 1926. 2020ல் 14416 கிடையாது, 2022 அக்டோபரில்தான் வந்தது. பழைய சுற்றறிக்கைகளில் இருக்கும் எண்களை அப்படியே நகல் எடுக்க வேண்டாம், ஒவ்வொன்றையும் ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

#5 · பக்கம்47

அப்போ கேட்கவே கூடாது என்கிறீர்களா? தானாக வந்து பேசாத பையன்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

#6 · அளவுகோல்

கேட்கலாம். கூப்பிட முடிகிற அளவுக்குக் கேளுங்கள்.

236ஐ 1,200ஆல் வகுத்தால் நூறு பேருக்குச் சுமார் 20. உங்கள் இருவரால் ஒரு நாளில் 20 பேரிடம் பேச முடியும். ஆகவே நாளுக்கு நூறு பேருக்கு மட்டும் ஃபார்ம் அனுப்புங்கள். அதே 12 நாள்தான் ஆகும், ஆனால் எழுதியவருக்கு எழுதிய அன்றே போன் போகும்.

யாருக்கு முதலில் என்பதுதான் முக்கியம், துறை அகரவரிசையில் போகாதீர்கள். ஏற்கெனவே கவுன்சிலரிடம் வந்துகொண்டிருந்தவர்கள், வீட்டில் தொற்று வந்தவர்கள், அரியர் வைத்திருக்கும் கடைசி வருடத்தார், விடுதியை அவசரமாகக் காலி செய்தவர்கள். இவர்கள் முதல் மூன்று நாளில்.

#7 · ஏழாம்_செமஸ்டர்

யோகா வெபினாருக்கு முன்னால் தேர்வுத் தேதி வேண்டும்.

2020ஐ வரிசையாகப் பாருங்கள். மார்ச் 25 ஊரடங்கு. ஜூலை 6ஆம் தேதி யு.ஜி.சி., கடைசி வருடத் தேர்வை செப்டம்பர் முடிவுக்குள் நடத்தச் சொன்னது. பல மாநிலங்கள் முடியாது என்றன. ஆகஸ்ட் 26, தேர்வுக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்களுக்குத் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. ஆகஸ்ட் 28, கடைசி வருடத் தேர்வு நடந்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம். அரியர் விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அடுத்த ஆண்டு வரை இழுத்தது. பாஸா பெயிலா என்றே தெரியாத பையன் வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பான்? அவனுடைய பதற்றத்துக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது காலில் முள்ளை வைத்துக்கொண்டு தைலம் தடவுவது மாதிரி.

கல்லூரியால் அரசு முடிவை மாற்ற முடியாது. ஆனால் அறிவிப்பு வரும் நாளையாவது நிலையாக வைக்கலாம். வாரம் ஒருநாள், உதாரணமாகச் செவ்வாய் மாலை 5 மணி. முடிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்று ஒரு செய்தி: "தேர்வு பற்றி இந்த வாரம் புதிய முடிவு இல்லை. அடுத்த செய்தி வரும் செவ்வாய் 5 மணிக்கு." இல்லை என்ற செய்தியும் செய்திதான். அது வராதபோதுதான் ஆளாளுக்கு போலி சுற்றறிக்கை பார்வர்ட் பண்ணிக்கொண்டு ராத்திரி 2 மணி வரை விழித்திருக்கிறார்கள்.

கேமரா வழித் தேர்வு வைத்தால் மாதிரித் தேர்வு இரண்டாவது நடத்துங்கள். நடுவில் கரன்ட் போனால் என்ன விதி என்பது தேர்வுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். "யாராவது குறுக்கே போனால் மென்பொருள் என்னை மோசடி என்று போட்டுவிடுமோ" என்ற பயம் ஒற்றை அறை வீட்டு மாணவனுக்கு மட்டுமே உரியது.

#8 · தெற்குவாசல்

டேட்டா பற்றி யாரும் பேசவில்லை.

2021 ஜனவரியில் தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு, ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி என்று டேட்டா கார்டு அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் குழு வீடியோ வகுப்பு நல்ல தரத்தில் மணிக்கு 800 எம்பியில் தொடங்கும். 2 ஜிபி இரண்டரை வகுப்புக்குக் காணும். ஐந்து வகுப்பும் வீடியோவில் எடுத்து, "கேமரா ஆன் பண்ணினால்தான் அட்டெண்டன்ஸ்" என்று விதி வைத்தால் மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு மாணவன் வகுப்பிலிருந்து காணாமல் போவான். சோம்பேறி என்று பெயர் வாங்குவான். கொஞ்ச நாளில் அவனே அதை நம்பிவிடுவான்.

குரல் மட்டும் என்றால் அதில் சிறு பங்குதான் செலவாகும். கேமரா விதியை எடுத்துவிடுங்கள், பாடத்தை ஆடியோவாகவும் பி.டி.எஃப். ஆகவும் போடுங்கள். இதுவும் மனநல நடவடிக்கைதான், கவுன்சிலர் தேவையில்லாதது.

பெண் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. ஹாஸ்டலில் இருந்தவரை மாணவி. வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் ஓர் ஆள். 10 மணி வகுப்பும் மதியச் சமையலும் ஒரே நேரம். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன் என்றால் அது தம்பிக்குப் போகும். கால அட்டவணை போடும்போது காலை 7 முதல் 8.30, பிற்பகல் 2.30க்கு மேல் என்று வைத்துப் பாருங்கள். வருகை கூடுகிறதா என்று இரண்டு வாரம் எண்ணுங்கள். கூடவில்லை என்றால் மாற்றுங்கள்.

#9 · இரவுப்பணி

தொலைபேசி ஆலோசனைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்திலிருந்து எழுதுகிறேன். மென்டரோ கவுன்சிலரோ, வீட்டில் இருக்கும் மாணவரைக் கூப்பிடும்போது முதல் இரண்டு நிமிடம்தான் எல்லாம்.

முதல் கேள்வி "எப்படி இருக்கே?" இல்லை. பக்கத்தில் அம்மா இருந்தால் "நல்லா இருக்கேன் சார்" என்றுதான் பதில் வரும். இப்படித் தொடங்குங்கள்: "இப்ப பேச முடியுமா? பக்கத்துல யாராவது இருந்தா 'அசைன்மென்ட் அனுப்பிடறேன் சார்'னு மட்டும் சொல்லு, எந்த நேரம் கூப்பிடலாம்னு மெசேஜ் பண்ணு." இது ஒரு ரகசியக் குறி. எல்லா மாணவருக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

பேச முடியும் என்றால் அடுத்து, எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். முழு முகவரி, கூட இருப்பவர் யார், லைன் கட்டானால் கூப்பிட இன்னொரு எண். உரையாடல் சூடான பிறகு முகவரி கேட்டால் போலீஸ் அனுப்பப் போகிறார் என்று பயந்து வைத்துவிடுவார்கள். தொடக்கத்தில் எல்லோரிடமும் கேட்டால் அது வழக்கமான கேள்வி.

சொந்த அறை இல்லாதவருக்கு மொட்டை மாடி, வாசல் திண்ணை, நிறுத்தியிருக்கும் வண்டி மேல் உட்கார்ந்து. ஹெட்போன் மாட்டச் சொல்லுங்கள், உங்கள் குரல் வெளியே போகாது. ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேள்வி கேளுங்கள். "பத்துல எத்தனை?" என்று கேட்டால் "ஏழு" என்பார், பக்கத்தில் இருந்து கேட்கிறவருக்கு அது பாட மார்க்.

மனம் உடைந்திருப்பது தெரிந்தால் தற்கொலை என்ற சொல்லைத் தவிர்க்காதீர்கள். "இதுக்கு மேல முடியல, செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்கு ஒருவர் கேட்டதிலேயே பாதிப் பாரம் இறங்கும். "அப்படியெல்லாம் தப்பா யோசிக்கலையே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்ற பதிலைத் தவிர வேறு கதவே இல்லை.

ஆம் என்றால்: திட்டம் உண்டா, எப்போது, கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் ஏதும் உண்டா. இவை இருந்தால் போனை வைக்காதீர்கள். இன்னொரு எண்ணில் வீட்டாரையோ 108ஐயோ மற்றொருவர் அழைக்க வேண்டும். அதனால்தான் இந்த அழைப்புகளைத் தனியாளாகச் செய்யக் கூடாது, ஒரு ஜோடியாக.

எண்ணம் உண்டு, உடனடித் திட்டம் இல்லை என்றால் பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள். ஆறு படி. எச்சரிக்கை அறிகுறி, தானே செய்யக்கூடியது, கவனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய ஆட்கள், தொழில்முறை உதவி எண்கள், சூழலைப் பாதுகாப்பாக்குவது. ஊரடங்கில் உடைவது மூன்றாவது படி. டீக்கடை, நூலகம், கிரவுண்டு எல்லாம் மூடியிருக்கும். பழைய படிவத்தை அப்படியே நிரப்பினால் "கிரிக்கெட் ஆடப் போவேன்" என்று எழுதி வைத்திருப்பார்கள், அது நடக்காது. மாற்று வேண்டும்: யாரோடு எத்தனை மணிக்குப் போனில் கேரம் விளையாடுவது, எந்த மாமாவோடு தோட்டத்துக்குப் போவது. ஆறாவது படியை வீட்டில் ஒரு பெரியவரோடு சேர்ந்து செய்யுங்கள்: மாத்திரை, விவசாய வீடு என்றால் பூச்சிமருந்து, பூட்டிய இடத்துக்கு, சாவி அவரிடம். மாணவரின் சம்மதத்தோடு.

#10 · பக்கம்47

வீட்டுக்குச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பெற்றோர் பயப்படுவார்களே?

#11 · சமூகப்பணி_திருச்சி

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115: மாறாக நிரூபிக்கப்படாவிட்டால், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே 2024 ஜூலை 1ல் வந்த புதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைப் பணிய வைக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் தனிக் குற்றம். கையேட்டில் இதை இரண்டு வரியில் போட்டுவிடுங்கள்.

அதே சட்டத்தில் ரகசியக் காப்பும் உண்டு. 18 தாண்டியவர் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்குச் சொல்லக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு. ஆனால் முதலாமாண்டில் 17 வயதுக்காரர் இருப்பார்கள், அவர்களுக்குப் பாதுகாவலர் வேண்டும். உங்கள் மாணவர் பட்டியலில் பிறந்த தேதி நெடுவரிசை இருக்கிறதா என்று பாருங்கள்.

#12 · யாழ்_விரிவுரையாளர்

இலங்கைப் பக்கத்தில் இருந்து ஒரு விசயம். இங்கே பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர் எண்டு நியமிக்கப்படுகிறவர் பெரும்பாலும் விரிவுரையாளர்தான். ஒழுங்கு விசாரணையிலும் அவரே நிற்பார், மனம் விட்டுக் கதைக்கச் சொல்லுறதும் அவரே. பிள்ளைகள் எப்பிடிக் கதைப்பினம்? உங்கட மென்டர் முறையிலும் அதே பொறி தெரியுது. 20 பிள்ளைக்கு அழைக்கிறவரின் கையிலதான் உள்மதிப்பீட்டுப் புள்ளி.

மென்டரை விலக்கச் சொல்லேல்லை, 60 பேரை வேற எங்க தேடுறது. ஆனா அவருக்கு மூண்டு கேள்வி மட்டும் குடுங்கோ: சாப்பாடு, இணையம், வீட்டில ஆருக்கும் வருத்தமா. மனசைப் பற்றின கேள்வி கவுன்சிலருக்கு. மென்டர் செய்ய வேண்டிய முக்கிய வேலை, ரெண்டு முறை எடுத்தும் பதில் இல்லாத பிள்ளையின்ர பெயரை அண்டைக்கே கவுன்சிலருக்கு அனுப்புறது.

இங்க 2020ல பல்கலைக்கழகங்களை இணைக்கிற லேர்ன் வலையமைப்பு ஊடாகப் பல்கலைக்கழக வகுப்புகளுக்கு தொலைபேசி நிறுவனங்கள் டேட்டாவை இலவசமாக்கினவை. அது பெரிய ஆறுதல். ஆனா சிக்னல் இல்லாத இடத்தில இலவச டேட்டாவால என்ன பிரயோசனம்? சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும்தான் கடைசி வரைக்கும் போய்ச் சேரும். உங்கட திட்டத்தில வாட்ஸ்அப் இல்லாத பிள்ளைக்கு ஒரு வழி இருக்கோ எண்டு பாருங்கோ.

#13 · மருந்துச்சீட்டு

மருத்துவம் சார்ந்து நான்கு விஷயம்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள். ஊரடங்கின் முதல் அவசரம் இவர்கள்தான். மனச்சோர்வுக்கான எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சில நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி உணர்வு வரும். "நோய் திரும்பிவிட்டது" என்று பயந்துவிடுவார்கள். கையில் எப்போதும் இரண்டு வார இருப்பு வேண்டும். 2020 மார்ச் 25ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலால் காணொளியில் பார்த்து மருந்துச்சீட்டு அனுப்ப முடியும், ஆனால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரும் மருந்துகளை அப்படி எழுதக் கட்டுப்பாடு உண்டு. தூக்க மாத்திரை போனில் கிடைக்கும் என்று நம்ப வைக்காதீர்கள். நேரில் போக முடிந்தால் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கலாம்.

மனச்சோர்வு மாத்திரையைப் புதிதாகத் தொடங்குபவர்கள். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முதல் சில வாரம் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்ற எச்சரிக்கை மருந்தின் தகவல் தாளிலேயே உண்டு. கல்லூரி மாணவர் பெரும்பாலோர் அந்த வயதுதான். வாரம் ஒருமுறை பார்க்க முடியாவிட்டால் குரலாவது கேட்க வேண்டும்.

இருதுருவ மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுபவர். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தண்ணீர் குறைவு, அதோடு இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை: இவை எல்லாம் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்கு பாராசிட்டமால்.

கொரோனாவுக்கு டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர் இரண்டு மூன்று நாள் தூங்காமல், அதிகமாகப் பேசி, எரிந்து விழுந்தால் அதைப் பயத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மருந்து எழுதியவருக்குத் தெரிய வேண்டும்.

#14 · தெற்குவாசல்

ஊக்கச் செய்தியை என்ன செய்வது? "நேர்மறையாக யோசி" ரகம்.

#15 · இரவுப்பணி

எடுத்துவிடலாம். பதிலுக்கு விழிக்கும் நேரம் ஒன்றைப் பிடியுங்கள்.

வீட்டில் அடைந்த மாணவனுக்கு முதலில் கெடுவது தூக்கம். படுக்கையிலேயே வகுப்பு, படுக்கையிலேயே சாப்பாடு, படுக்கையிலேயே படம். படுக்கையைப் பார்த்தால் தூங்க வேண்டும் என்று உடம்புக்குத் தோன்றவே தோன்றாது. ராத்திரி 3க்குத் தூங்கி 9.55க்கு எழுந்து, போர்வைக்குள்ளிருந்து அட்டெண்டன்ஸ். தூங்கும் நேரத்தை முன்னுக்குத் தள்ளச் சொல்லிப் பயனில்லை, தூக்கத்தை யாரும் கட்டளையிட முடியாது. எழும் நேரத்தை மட்டும் கட்டலாம். ஞாயிறு உட்பட ஒரே நேரம். எழுந்த ஒரு மணிக்குள் வெளிச்சத்தில் அரை மணி, மாடியில் நடந்தாலும் போதும். பகலில் பாயைச் சுருட்டி வைப்பது. ராத்திரி 20 நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து மங்கிய வெளிச்சத்தில் எதையாவது செய்து, கண் செருகும்போது திரும்பப் படுப்பது. முதல் நான்கைந்து நாள் பகலில் தள்ளாடும். அங்கேதான் பலர் மத்தியானம் இரண்டு மணி நேரம் படுத்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பாய் போட்டுத் தூங்குகிற வீட்டுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கட்டிலைச் சுருட்ட முடியாது.

மனம் துவண்டவருக்கு "பிடித்ததைச் செய்" என்பதும் வேலைக்கு ஆகாது. எதுவும் பிடிக்காமல் போவதுதானே நோயே. பிடிக்கிறதோ இல்லையோ, நேரம் குறித்து, அளவு குறித்து ஒரு வேலை. "காலை 8 மணி, இரண்டு குடம் தண்ணீர்." செய்த பிறகு மனசுக்கு 10க்கு எத்தனை என்று ஒரு எண். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எந்த வேலைக்குப் பிறகு எண் ஏறியது என்று அவருக்கே தெரியும்.

#16 · வார்டன்_அறை

விடுதித் தனிமைப்படுத்தல் பற்றி. 2020 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு பழைய தொற்றுகளை வைத்துச் சொன்னது: நாள் நீள நீள, தகவல் குறையக் குறைய, பொருளுக்குத் தட்டுப்பாடு வர மனநிலை கெடும். 10 நாளுக்கு மேல் போனால் பின்விளைவும் அதிகம். எனவே "எப்போது வெளியே" என்பதை முதல் நாளே தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். நடுவில் அதை நீட்டுவதுதான் ஆளை உடைக்கும்.

அறையில் இருக்க வேண்டியவை: வெந்நீர் ஃபிளாஸ்க், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வெப்பமானி, ஆக்சிமீட்டர், கொசுவர்த்தி, பெண்களுக்கு நாப்கின், வெளியே பார்க்க ஒரு ஜன்னல். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடாதீர்கள், பத்தடி தள்ளி நின்று பெயர் சொல்லி இரண்டு வார்த்தை.

இன்னொன்று. 2020 ஜூனில் சென்னையில் கல்லூரி விடுதிகளை கொரோனா மையமாக எடுத்தபோது மாணவர் பொருட்கள் அறைக்குள் இருந்தன. சான்றிதழ், மடிக்கணினி, ரெக்கார்டு நோட்டு. மூடும் நாளிலேயே ஒவ்வொரு அறைக்கும் பொருள் பட்டியல், மாணவர் கையெழுத்து, மூட்டைக்குச் சீட்டு. இதைச் செய்யாவிட்டால் மூன்று மாதம் வார்டனுக்கு வரும் எல்லா அழைப்பும் இதுதான்.

#17 · சமூகப்பணி_திருச்சி

வீட்டில் இழப்பு. 2021 ஏப்ரல், மே அலையில் சடங்குகூடச் சரியாக நடக்கவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை, பால் ஊற்றவில்லை, சொந்தம் கூடவில்லை. துக்கம் நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் 6 மாதம் கடந்து அன்றாட வாழ்வே முடங்கினால்தான் நீடித்த துக்கம் என்று பெயர். முதல் மாதத்தில் கவுன்சிலரை அனுப்பி நோண்டாதீர்கள். பதினாறாம் நாளை, 40ஆம் நாளை, முதல் திதியை நாட்காட்டியில் குறித்து அன்று ஒரு போன் போதும்.

அவசரத் தேவை பணம். ஆதரவற்ற குழந்தைகளுக்கான பி.எம். கேர்ஸ் திட்டத்தில், பெற்றோர் இறந்த அன்று 18 நிரம்பாதவருக்குத்தான் இடம் இருந்தது. உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வயதில் வெளியே நின்றார்கள். கொரோனா இறப்புக்கு அப்போது கொடுத்த ரூ.50,000 உதவிக்கு வயது வரம்பு இருக்கவில்லை, ஆனால் இறப்பு கொரோனாவால் என்பதற்கு ஆதாரம் வேண்டியிருந்தது. கல்விக்கட்டணம் தள்ளி வைக்கும் கடிதத்தை மாணவர் கேட்கும் முன் கல்லூரியே அனுப்ப வேண்டும். அப்பா இறந்த பத்தாம் நாளில் "லேட் ஃபீ" குறுஞ்செய்தி தானியங்கியாகப் போகும், அதை நிறுத்த யார் பொறுப்பு என்று கையேட்டில் எழுதுங்கள்.

#18 · ஏழாம்_செமஸ்டர்

திறக்கும்போதும் ஒரு அத்தியாயம் வேண்டும். 2020ல் சேர்ந்தவர்கள் பலருக்கு வளாகம் சரியாகப் பழகியது இரண்டாம் ஆண்டில்தான். சீனியர் என்று பெயர், கேண்டீன் எங்கே என்று தெரியாது. திறந்த முதல் இரண்டு வாரம் தேர்வு வைக்காதீர்கள். ஒன்றரை வருடம் திரையில் விடையைத் தொட்டே எழுதிய கைக்கு மூன்று மணி நேரப் பேனா வலிக்கும்; 30 நிமிடம், ஒரு மணி, இரண்டு மணி என்று எழுத்துப் பயிற்சி வையுங்கள்.

#19 · பக்கம்47

எழுதிக்கொண்டேன். நாளுக்கு நூறு ஃபார்ம், செவ்வாய் 5 மணி அறிவிப்பு, மென்டருக்கு மூன்று கேள்வி, கேமரா விதி நீக்கம். ஒரு சந்தேகம்: ஃபார்ம் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுவது?

#20 · அளவுகோல்

காலை 9க்குத் திறந்து மதியம் 2க்கு மூடுங்கள். 2 முதல் 7 வரை கூப்பிடும் நேரம். மூட ஒருவருக்கு அலாரம் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கத் திறந்தே கிடக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு திறக்கவே வேண்டாம்.

#21 · பக்கம்47

என் வரைவில் "மூன்றாம் நாள்" என்று இருக்கிறது. இப்போதுதான் நாட்காட்டி பார்த்தேன். 2020 மார்ச் 25 புதன்கிழமை. மூன்றாம் நாள் வெள்ளி.